கூரையில் மூன்று ஏசி, ஒரே ஒரு ஜெனரேட்டர்

2023 கோடையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகரான பீனிக்ஸில், தொடர்ந்து 31 நாள்கள் வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த வெயிலில், தார்த் தரையில் நிற்கும் 45 அடி நீள மோட்டார்ஹோம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மெல்லிய சுவர், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, நாள் முழுவதும் காயும் கூரை. உள்ளே கட்டில், சோபா, அடுப்படி, குளியலறை என ஒரு குடும்பத்துக்கு வேண்டிய எல்லாம். இதற்கு ஒரு ஏசி போதாது. கூரையில் இரண்டோ மூன்றோ இருக்கும். மிகப் பெரிய வண்டிகளில் நான்குகூட உண்டு.

இசைக் குழுக்கள் ஊர் ஊராகப் போகும் டூர் பஸ்களிலும் இதே கதைதான். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1924-இல் தொடங்கிய ப்ரெவோ நிறுவனத்தின் பஸ்கள்தான் இந்தத் தொழிலில் பெரும்பாலும் ஓடுகின்றன. முன்னே ஒரு கூடம், நடுவே அடுக்குப் படுக்கைகளில் 12 பேர், பின்னே இன்னொரு அறை. கச்சேரி முடிந்து நள்ளிரவில் கிளம்பினால் விடியும்போது அடுத்த ஊர். ஓட்டுநரைத் தவிர எல்லாரும் தூங்கியாக வேண்டும். அடைத்த படுக்கைகளில் 12 பேர் படுத்திருக்கும்போது ஏசி நின்றால் கால் மணி நேரத்தில் எல்லாரும் எழுந்துவிடுவார்கள்.

ஏன் மூன்று சிறியவை? ஒரே பெரிய ஏசி போதாதா? அமெரிக்காவின் பல மாநிலங்களில் வண்டியின் உயரம் 13 அடி 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே கூரை மேல் வைப்பது எதுவானாலும் தட்டையாக இருக்க வேண்டும். அறைக்கு ஒன்று வைத்தால், தேவையான அறையை மட்டும் குளிர வைக்கலாம். ஒன்று பழுதானாலும் மற்றவை ஓடும். எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம், மின்சாரத்தை மூன்று பங்காகப் பிரிக்க முடிகிறது என்பது.

கூரை ஏசிகளில் வழக்கமானவை இரண்டு அளவுகள்: மணிக்கு 13,500 பிடியு, 15,000 பிடியு. நம் கடைகளில் சொல்லும் டன் கணக்கில் 12,000 பிடியு என்பது ஒரு டன். எனவே பெரியது ஒன்றேகால் டன். ஓடும்போது அது சுமார் 14 ஆம்பியர் இழுக்கும். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட் என்பதால், ஏறக்குறைய 1,700 வாட். மூன்றும் ஓடினால் 5 கிலோவாட். பெரிய மோட்டார்ஹோம்களில் 8 முதல் 12.5 கிலோவாட் வரை டீசல் ஜெனரேட்டர் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் ஓனான் என்ற பெயர் பொறித்திருக்கும். டூர் பஸ்களில் அது 20 கிலோவாட் வரை போகும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் 8 கிலோவாட்டே தாராளம்தான்.

ஆனால் அந்தக் கணக்கு, ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே சரி. சிக்கல், அது ஓடத் தொடங்கும் நொடியில் இருக்கிறது.

சுழலும் மோட்டார் தானும் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் அந்தத் தடுப்பு கிடையாது. சுருளின் மின்தடையும் மற்ற சிறு தடைகளும்தான் பாக்கி. அதனால் கம்ப்ரஸர் கிளம்பும் அந்த அரை நொடியில் 14 ஆம்பியருக்குப் பதிலாக 60 ஆம்பியர் வரை பாய்கிறது. நின்றுபோன காரைத் தள்ளுபவருக்கு முதல் இரண்டு அடிக்குத்தான் முழு மூச்சும் தேவைப்படும். அதற்குப் பிறகு ஒரு கை போதும்.

இப்போது 8 கிலோவாட் ஜெனரேட்டரில் இரண்டு ஏசிகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம்: 28 ஆம்பியர். மூன்றாவது கிளம்புகிறது: இன்னொரு 60. மொத்தம் 88. ஜெனரேட்டரின் முழுத் திறனே சுமார் 67 ஆம்பியர்தான். ஊர் மின்கம்பியில் இது நடந்தால் விளக்கு ஒருமுறை சிமிட்டும், அவ்வளவுதான். ஜெனரேட்டரில் அப்படியல்ல. எஞ்சின் திணறி வேகம் குறையும், வோல்டேஜ் இறங்கும். மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தது. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் இழுவிசை பத்தொன்பது சதவீதம் குறையும். கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு சுழலாமலே நிற்கும், சுருள் சூடாகும், கடைசியில் பிரேக்கர் விழும். பெரிய ஜெனரேட்டர் வாங்கியவர்கள், உண்மையில் அந்த அரை நொடிக்காகத்தான் அத்தனை பணத்தையும் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கு இப்போது மலிவான மருந்து வந்துவிட்டது. சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்னும் கையளவுப் பெட்டியை ஏசிக்குள் கம்ப்ரஸரோடு இணைத்துவிடுகிறார்கள். மின்னணு சுவிட்சுகள் வழியாக அது மின்சாரத்தை ஒரே அடியாக விடாமல் படிப்படியாகக் கூட்டுகிறது. கிளம்பும் மின்னோட்டம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஜெனரேட்டரை மாற்றும் யோசனைக்கு முன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது வரிசை. மூன்று ஏசிகளும் ஒரே நொடியில் கிளம்பக் கூடாது. அதோடு, நின்ற கம்ப்ரஸரை உடனே மறுபடி இயக்கவும் கூடாது. உள்ளே ஒரு பக்கம் அழுத்தம் மிகுந்தும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும். அவை சமமாக இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதற்குள் இயக்கினால் மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டிவரும். இந்தத் தாமதத்தை இன்றைய தெர்மோஸ்டாட்டுகளே பார்த்துக்கொள்கின்றன. இவற்றுக்கு மேல் ஒரு லோடு மேலாண்மைப் பெட்டியும் இருக்கும். மைக்ரோவேவ் அடுப்பைப் போட்டதும் வரம்பு தாண்டுவது தெரிந்தால், அந்தப் பெட்டி முதலில் தண்ணீர் ஹீட்டரை நிறுத்தும், பிறகு பின் அறை ஏசியை. சமையல் முடிந்ததும் தானே திரும்பப் போட்டுவிடும்.

முகாமில் வண்டியை நிறுத்தி, அங்குள்ள மின்கம்பத்தில் பிளக்கைச் செருகியதும் வேறொரு கணக்கு தொடங்குகிறது. 30 ஆம்பியர் பிளக், 50 ஆம்பியர் பிளக் என்று இரண்டு வகை உண்டு. பெயரைப் பார்த்து, இரண்டாவது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் என்று நினைக்கத் தோன்றும். முதலாவதில் 120 வோல்ட் கம்பி ஒன்று மட்டுமே. 3,600 வாட்டோடு சரி. இரண்டாவதில் தலா 50 ஆம்பியர் தரும் இரண்டு கம்பிகள். மொத்தம் 12,000 வாட். மூன்று மடங்குக்கும் மேல். 30 ஆம்பியர் பிளக்கில் ஒரு ஏசியை நிம்மதியாக ஓட்டலாம், இரண்டாவதைப் போட்டால் வேறெதையும் தொட முடியாது.

50 ஆம்பியர் பிளக்கின் இரண்டு கம்பிகளின் மின்னழுத்தம் ஒன்றுக்கொன்று எதிரெதிராக ஏறி இறங்குவதால், நியூட்ரல் கம்பியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே பாயும். ஒரு பக்கம் 28, மறுபக்கம் 14 ஆம்பியர் என்றால் நியூட்ரலில் 14. சிக்கனமான அமைப்பு. ஆனால் கம்பத்துத் துருவில் அந்த நியூட்ரல் இணைப்பு அறுந்துபோனால் ஆபத்து பெரிது. இரு பக்கச் சாதனங்களும் 240 வோல்ட்டின் குறுக்கே வரிசையாக மாட்டிக்கொள்ளும். குறைந்த லோடு உள்ள பக்கத்துக்கு வோல்டேஜ் ஏறி, டிவி, மைக்ரோவேவ், சார்ஜர் எல்லாம் கருகும். செருகுவதற்கு முன் கம்பத்தைச் சோதித்துச் சொல்லும் பாதுகாப்புக் கருவிகள் இருக்கின்றன. கோடையில் முகாம் நிரம்பி எல்லாரும் ஏசி போடும்போது வரும் லோ வோல்டேஜிலிருந்தும் அவை கம்ப்ரஸரைக் காப்பாற்றும். இதில் மிச்சம் பிடிப்பது வீண்.

ஓடும் பஸ்ஸில் வேறொரு வழியும் உண்டு. பழைய பெரிய பஸ்களில் டெல்கோ 50டிஎன் என்ற, எண்ணெயால் குளிரூட்டப்படும் ஆல்டர்னேட்டர் இருந்தது. 24 வோல்ட்டில் 270 ஆம்பியர். அதாவது 6 கிலோவாட்டுக்கு மேல். அதை இன்வெர்ட்டர் வழியாக 120 வோல்ட்டாக மாற்றினால், ஜெனரேட்டரைத் தொடாமலே நெடுஞ்சாலையில் இரண்டு ஏசிகளை ஓட்டலாம்.

வண்டி நின்ற பிறகு பேட்டரிதான். இரவு எட்டு மணி நேரம், இரண்டு ஏசிகள் பாதி நேரம் மட்டும் ஓடினாலும் 12 கிலோவாட் மணிக்கு மேல் தேவை. ஈயப் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால், அந்த வேலைக்கு அரை டன்னுக்கும் மேற்பட்ட எடையைச் சுமக்க வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் 130 கிலோ போதும். பஸ்களை ஆடம்பர மோட்டார்ஹோம்களாக மாற்றும் நிறுவனங்கள் லித்தியத்துக்குத் தாவியதற்குக் காரணம் இந்த எடைதான். கூரையில் ஏசிகள் இடத்தைப் பிடித்துவிடுவதால், சூரியத் தகடு கொஞ்சம் கைகொடுக்குமே தவிர முழுதாகத் தாங்காது.

ஜெனரேட்டரை நினைத்தபோது ஓட்டவும் முடியாது. யோசெமிட்டி தேசியப் பூங்கா முகாம்களில் காலை 7 முதல் 9, பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 என்றுதான் அனுமதி. மலை ஏறினால் அதன் திறனும் குறையும். காற்று மெலிவதால் சாதாரண எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் மூன்று நான்கு சதவீதம் இழக்கிறது. கொலராடோவில் 3,000 மீட்டருக்கு மேலே உள்ள லெட்வில் ஊரில் 8 கிலோவாட் ஜெனரேட்டர் 6 கிலோவாட்டுகூடத் தராது. நல்லவேளையாக அங்கே வெயிலும் கடுமையில்லை.

கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன் என்று மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்துக் கிளம்பும் நண்பர்கள் சாவி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: பிளக் 30 ஆம்பியரா, 50 ஆம்பியரா? ஏசி எத்தனை? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஜெனரேட்டர் தாங்குமா? அதோடு, எஞ்சின் புகையில் கலந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்குவதை முடிந்தவரை தவிருங்கள். வேறு வழியில்லை என்றால், படுக்கப் போகும் முன் அந்த வாயுவுக்கான அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது ஒலிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.