கைதியின் உணவுச் செலவு

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே கடனுக்காகச் சிறைப்பட்டோர் பலருக்கு அரசாங்க உணவு கிடையாது. அவர்களைச் சிறையில் வைத்திருக்க விரும்பும் கடன்கொடுத்தோரே நாடோறும் நான்கு பென்னி அளிக்கவேண்டுமென 1759ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆயினும் அதனைப் பெற நீதிமன்றம் ஏறவேண்டும். அதற்கு ஏழைக்குப் பொருளேது? மிடில்செக்ஸ், சர்ரி நீங்கலாக, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதனைப் பெற்றவர் பன்னிருவரேனும் இலர் என ஜான் ஹோவர்டு 1777இல் எழுதினார்.

இன்று காரைக்கால் உட்பட நம் நாட்டில் வழங்கும் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் முறை வேறு. தீர்ப்புப் பெற்றவர் உணவுப்படியை முன்னரே கட்டினாலன்றிக் கடனாளியைச் சிறையிடலாகாது. கட்டத் தவறின் அவன் விடுதலையாவான். அத்தொகை வழக்குச் செலவிற் சேருமாயினும், அதன்பொருட்டு அவனைச் சிறைப்படுத்துதல் கூடாது.

பசித்தோனுக்கு உரிமையளித்தல் மட்டும் போதாது. அது கைக்கு எட்டும் வழியையும் சட்டமே வகுத்தல் வேண்டும்.