கணினிக் கூடைப்பந்தில் அணி நிருவாகம்

நம் தோட்டத்துத் திடலில் காற்பந்துக் கம்பங்கள் உண்டு. வலைப்பந்துக் கம்பங்களும் உண்டு. கூடைப்பந்து வளையம் இல்லை. ஆயினும் நம் தோட்டத்து வீடு ஒன்றில் 15 ஆட்டக்காரர்களைக் கொண்ட கூடைப்பந்து அணி ஒன்று நடந்து வருகிறது என்றால் பலரும் வியப்படையக்கூடும். அவ்வணியின் ஆட்டக்காரர்கள் கணினியில் மட்டுமே வாழ்பவர்கள். அவ்வணியை நடத்துபவன் நம் பள்ளியில் பயின்று, இப்போது நான்காம் படிவத்தில் இருக்கும் முன்னாள் மாணவன். அவனுக்குத் துணை நிற்பவன் ஆறாம் ஆண்டில் பயிலும் அவன் தம்பி.

இச்செய்தி நம்மிடம் ஒரு முறையீடாகவே வந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்தபின் அவர்களுடைய தந்தையார் நம்மை அணுகி, "ஐயா, பிள்ளைகள் இருவரும் இரவில் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஏதோ எண்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சூதாட்டமாக இருக்குமோ என்று அச்சமாக இருக்கிறது" என்றார். நாமும் அவ்வாறே ஐயுற்று, மறுநாள் தம்பியை அழைத்துக் கடிந்துகொண்டோம். அவன் எதிர்த்துப் பேசவில்லை. தன் பையிலிருந்து பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினான். அதில் ஆட்டக்காரர்களின் அகவை, சம்பளம், ஒப்பந்த ஆண்டுகள், அணியின் வரவு, செலவு ஆகியவை கோடிட்டுக் கட்டம் கட்டி எழுதப்பட்டிருந்தன. கணக்குப் பாடத்தில் நாம் கேட்டும் கிடைக்காத ஒழுங்கு அங்கே இருந்தது. கேளாமற் கடிந்தது நம் பிழையென உணர்ந்தோம். பின்னர் அப்பிள்ளைகளிடம் கேட்டும், நாமே படித்தும் அறிந்தவற்றை மாணவர்களும் பெற்றோர்களும் அறியுமாறு இங்குத் தருகிறோம்.

விளையாட்டின் வரலாறு

கூடைப்பந்து 1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரிற் பிறந்தது. கனடாவைச் சேர்ந்த உடற்பயிற்சி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் மாணவர்கள் மண்டபத்துக்குள் விளையாடுவதற்காக, பழக்கூடைகள் இரண்டை உயரே பொருத்தி இவ்விளையாட்டை வகுத்தார். ஓர் ஆசிரியரின் சிந்தனையில் பிறந்த விளையாட்டு என்பதில் நமக்கும் மகிழ்ச்சியே.

அக்காலத்தில் முன்னணியில் இருக்கும் அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு காலத்தைக் கடத்தக் கூடியதாய் இருந்தது. இதனைத் தடுக்க, 1954இல் அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் 24 வினாடி விதியைக் கொண்டுவந்தது. சிரக்கியூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் இதற்குக் கணக்குப் போட்டார். சுவையான ஆட்டம் ஒன்றில் இரு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை பந்தை எறிகின்றன. ஆட்ட நேரம் 48 நிமிடம், அதாவது 2,880 வினாடி. 2,880ஐ 120ஆல் வகுத்தால் 24. மாணவர்களே, வகுத்தற் கணக்கு ஒன்று ஒரு விளையாட்டையே காப்பாற்றியதை எண்ணிப் பாருங்கள். 1979இல் அச்சங்கம் தொலைவிலிருந்து எறியும் பந்துக்கு மூன்று புள்ளி வழங்கும் முறையையும் ஏற்றுக்கொண்டது.

மெய்யான ஆட்டத்தின் கணக்குகளைக்கொண்டு வீட்டிலிருந்தே அணி நடத்தும் பழக்கம் கணினிக்கு முற்பட்டது. 1961இல் 'ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக்' என்னும் பேஸ்பால் விளையாட்டு அட்டைகளோடும் பகடைக் காய்களோடும் வெளிவந்தது. பின்னர்ப் பகடையின் வேலையைக் கணினி ஏற்றது. 2007இல் தொடங்கிய 'பஸர்பீட்டர்' என்னும் இணைய விளையாட்டில், பல நாடுகளைச் சேர்ந்தவர்கள் ஆளுக்கோர் அணியை நடத்துகின்றனர். 'பாஸ்கெட்பால் ஜி.எம்.' என்பதும் இவ்வகையிற் புகழ்பெற்றது.

கணினி எவ்வாறு ஆடுகிறது?

இவ்விளையாட்டில் நிருவாகி பந்தைத் தொடுவதே இல்லை. விசையை அழுத்தி யாரையும் ஓடவைப்பதும் இல்லை. யார் ஆடுவது, யார் அமர்ந்திருப்பது, எவருக்கு எப்பயிற்சி, எவரை வாங்குவது, எவரை விடுப்பது ஆகியவற்றை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குறித்த நேரத்தில் ஆட்டத்தைக் கணினி நடத்தி முடிவை அறிவிக்கும். பெரட்டுக் களத்தில் காலையில் ஆட்களைப் பிரித்து அனுப்பியபின், அன்றைய வேலை அவ்வவர் கையில்தானே இருக்கிறது! அதைப் போன்றதே இதுவும்.

ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் உயரம், எறிதிறன், பந்து கைமாற்றும் திறன், தடுப்பாற்றல், தாங்குதிறன் முதலியவை எண்களாக அமைந்திருக்கும். ஒருவர் தொலைவிலிருந்து எறியும் நூறு பந்துகளில் 36 உள்ளே விழும் என்று கணினி கணித்துள்ளதாகக் கொள்வோம். அவர் எறியும்போது, ஒன்றிலிருந்து நூறு வரையிலான எண்களில் ஒன்றைக் கணினி குருட்டுத்தனமாகப் பொறுக்கி எடுக்கும். அவ்வெண் 36 அல்லது அதற்குக் குறைவாயின் பந்து கூடையில் விழும், மிகையாயின் விழாது. எதிரணியில் நல்ல தடுப்பாளர் நின்றால் 36 என்பது 30ஆகக் குறையலாம். இவ்வாறு ஒவ்வொரு முறையும் கணித்து, முழு ஆட்டத்தையும் நொடிப்பொழுதில் அது முடித்துவிடும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. தொலைவிலிருந்து 100 முறை எறிந்து 36 விழுந்தால், மூன்று புள்ளி வீதம் 108 புள்ளி. அருகிலிருந்து 100 முறை எறிந்து 50 விழுந்தாலும், இரண்டு புள்ளி வீதம் 100 புள்ளியே. மிகுதியாகத் தவறவிடுபவரே மிகுதியான புள்ளி சேர்க்கிறார்! கண்ணுக்குத் தோன்றுவதையும் எண் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. டீன் ஆலிவர் என்னும் ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட நூலில் வெற்றிக்கு நான்கு காரணங்களை விளக்கினார். அவை நன்றாக எறிதல், பந்தை வீணே பறிகொடாமை, தவறிய பந்தை மீட்டல், தண்டனை எறிகளைப் பெறுதல் என்பனவாம். புகழ் பெற்ற ஒருவரை வாங்குவதைவிட, இந்நான்கில் தன் அணிக்கு எது குறைவு என்று அறிந்து அதை நிரப்புபவனே தேர்ந்த நிருவாகி.

சம்பள வரம்பு

பணம் மிக்க அணியே எல்லாரையும் வாங்கிக்கொள்ளாதவாறு அமெரிக்கச் சங்கம் 1984-85 பருவத்தில் சம்பள வரம்பை நடைமுறைப்படுத்தியது. அப்போதைய வரம்பு ஓர் அணிக்கு 36 இலட்சம் டாலர். கணினி விளையாட்டுகளிலும் இத்தகைய வரம்போ, வரவுக்குட்பட்டே செலவிடும் கட்டுப்பாடோ உண்டு.

நம் சகோதரர்கள் முதற் பருவத்தில் இங்கேதான் இடறினர். அவர்களிடம் இருந்தது 100 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், ஒரு பெரிய ஆட்டக்காரருக்கு 35, மேலும் இருவருக்கு 20 வீதம் 40, ஆக 75 வெள்ளியை மூவருக்கே கொடுத்துவிட்டனர். எஞ்சிய 25 வெள்ளியில் 12 பேரை அமர்த்தினால் ஆளுக்கு இரண்டு வெள்ளியளவே வரும். முதல் சில ஆட்டங்களில் வெற்றி குவிந்தது. பின்னர் மூவரில் ஒருவர் காயமுற்றார். மற்ற இருவரும் ஓய்வின்றி ஆடிக் களைத்தனர். மாற்றுக்கு இறக்கத் தக்கவர் எவருமில்லை. தோல்வி பெருகவே, காண வருவோர் குறைந்தனர். நுழைவுச்சீட்டு வருமானம் சரிந்தது. அணி கடனில் விழுந்தது. வருமானம் சரிவது உள்ளிட்ட யாவும் கணினியின் கணக்கே; எனினும் அச்சகோதரர்கள் உண்மையாகவே உறக்கமிழந்தனர்.

வள்ளுவப் பெருந்தகை 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தில் பகைவரின் வலிமையையும் தன் வலிமையையும் எடைபோடுவதைச் சொல்லிவிட்டு, அதே அதிகாரத்திலேயே வரவறிந்து செலவிடுவதையும் சொல்கிறார். இவ்விரண்டும் ஒரே அதிகாரத்தில் ஏன் வந்தன என்று நாம் பலகாலம் எண்ணியதுண்டு. இப்பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்தபோது நமக்கு அது விளங்கிற்று.

மறுநடவு

கடனில் விழுந்த அணியைக் கைவிட்டுப் புதிய அணியைத் தொடங்கிவிடலாம் என்றான் தம்பி. அண்ணன் இசையவில்லை. விலை மிக்க ஆட்டக்காரர் ஒருவரை விட்டுக்கொடுத்து, அவருக்கு ஈடாக அகவை 19, 20 உடைய இளைஞர் இருவரைப் பெற்றான்.

தோட்ட மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பால்மரக் கன்று நட்ட ஆண்டே பால் தருவதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். அதற்காக நடாமலே இருந்தால், முதிர்ந்த மரங்கள் வற்றும் நாளில் வெட்டுவதற்கு ஒன்றுமிராது. கணினி அணியிலும் அவ்வாறே. ஆட்டக்காரர்கள் இருபதுகளின் பிற்பகுதியில் உச்சத்தை எட்டிப் பின்னர்ப் படிப்படியாக இறங்குகின்றனர். முப்பத்திரண்டு வயதுக்காரருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் தருபவன், பால் வற்றப்போகும் மரத்துக்கு முன்பணம் கொடுப்பவனாவான். ஆயினும், தோட்டம் முழுவதும் கன்றாகவே இருப்பின் இன்றைய பிழைப்பு நடவாது. இன்றைக்கும் நாளைக்கும் எவ்வாறு பங்கிடுவது என்பதே நிருவாகியின் முதல் வினா. இரண்டாம் பருவத்தில் அவர்களின் அணி கடைசி நிலைக்கு அருகிற் சென்றது. கடன் மட்டும் தீர்ந்தது. மூன்றாம் பருவத்தில் நடுநிலைக்கு வந்தது. இன்றளவும் அவர்கள் கோப்பை எதுவும் வென்றதில்லை.

தற்செயலின் இடம்

முறையாகச் செய்தும் தோற்பதுண்டா? உண்டு. நூற்றுக்கு 70 வெல்லும் வாய்ப்புடைய நல்ல அணியும் நூற்றுக்கு 30 தோற்கவே செய்யும். தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தோற்கும் வாய்ப்பு, 30இல் நூற்றில் 30இல் நூற்றில் 30 என்று பெருக்க, ஆயிரத்துக்கு 27. சிறியதாகத் தோன்றினும், 82 ஆட்டங்கள் கொண்ட நெடும் பருவத்தில் அத்தகைய தொடர் தோல்வி ஒருமுறையேனும் நேர்வது இயல்பே. மூன்று தோல்வி கண்டவுடன் அணியையே கலைத்துவிடும் நிருவாகி, நன்றாக நட்ட கன்றை வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்ப்பவனை ஒப்பான்.

பெற்றோர்களே, இதனை உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம், நமக்கும் சொல்லிக்கொள்கிறோம். ஒரு தேர்வில் குறைந்த மதிப்பெண்ணைக் கண்டு பிள்ளையைத் தகுதியற்றவன் என முடிவு கட்டுகிறோம். ஒரு முடிவு ஒரு முடிவே. பல முடிவுகள் சேர்ந்தால்தான் திறமை தெரியும். முறை சரியா என்று முதலிற் பாருங்கள். பலன் பின்னர் வரும்.

பெற்றோர் கவனத்திற்கு

இது சூதாட்டமா என்ற தந்தையாரின் ஐயத்துக்கு விடை கூற வேண்டும். முடிவின்மீது பணம் கட்டினால் அது சூதாட்டம். இச்சகோதரர்கள் ஒரு காசும் கட்டவில்லை. ஆயினும், இணைய விளையாட்டுகள் சிலவற்றில் சிறப்பு ஆட்டக்காரரைப் பெறுவதற்கு மெய்யான பணம் கேட்கப்படுவதுண்டு. அங்கே பிள்ளைகளின் ஆவலே விற்பனைப் பொருளாகிறது. எனவே மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதற்குப் பணம் செலுத்துகிறாயா? நாளொன்றுக்கு எத்தனை நிமிடம்? இதில் முன்பின் அறியாதவர்களுடன் பேசுகிறாயா? உண்மைப் பெயர், முகவரி, பள்ளி, வங்கி விவரம் ஆகியவற்றை எவருக்கும் தரலாகாது. இணையக் கணக்குகள் பலவற்றுக்கு அகவை வரம்பு உண்டு; ஆகவே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பெரியவர் அருகிலிருக்கவே இவற்றைப் பார்த்தல் வேண்டும். நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதும். உண்மையில் அணி நிருவாகத்துக்கு அதற்கு மேல் வேலையும் இல்லை; மிகுதி நேரமெல்லாம் எண்களை வெறித்துப் பார்ப்பதே.

மற்றொன்றும் உண்டு. கணினி ஆட்டக்காரன் ஓடினால் நம் பிள்ளைக்கு வியர்ப்பதில்லை. எண்களைக் கற்றவன் பந்தையும் தொட வேண்டாமா? இதை அத்தந்தையாரிடம் கூறினோம். செம்பனை ஆலையின் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்க்கும் அவர் சற்றுச் சிந்தித்துவிட்டு, வளையத்தின் அளவு என்னவென்று கேட்டார். தம்பி தயங்காமல் விடை சொன்னான்: குறுக்களவு 18 அங்குலம், தரையிலிருந்து உயரம் 10 அடி, சிறுவர்களுக்கு எட்டரை அடி போதும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் இசைவோடு, வரும் பள்ளி விடுமுறையில் நம் திடலின் ஓரத்தில் அவ்வளையம் எழும். மாணவச் செல்வங்களே, கணினியில் கற்ற பொறுமையையும் சிக்கனத்தையும் அங்கே வியர்வையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பந்தை எறியும் பேறு, கேளாமற் கடிந்த நமக்கன்று. பயிற்சிப் புத்தகம் எழுதிய அப்பிள்ளைக்கே உரியது.