ராத்திரி ஏறிய போதை, காலையில் மலை இறங்கும் வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெருமாள்மலை சந்திப்பில் நின்றால், முந்தைய நாள் கொடைக்கானலுக்கு ஏறிய வேன்களும் கார்களும் பைக்குகளும் வரிசைகட்டி இறங்குவதைப் பார்க்கலாம். இங்கிருந்து ஒரு சாலை சவரிக்காடு வழியாகப் பழனிக்குப் பிரிகிறது. இன்னொன்று ஊத்து, டம்டம் பாறை தாண்டி வத்தலக்குண்டுக்குப் போகிறது. ஓட்டுகிறவர்கள் தூங்கி எழுந்து, குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தவர்கள். போதையில் ஓட்டுகிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இருக்காது. ஆனால் ராத்திரி நன்றாகக் குடித்தவரின் ரத்தத்தில் அந்த நேரத்திலும் சட்டம் அனுமதிப்பதைப்போல் மூன்று மடங்கு மது இருக்கலாம். குடித்துவிட்டு ஓட்டுவது என்றதும் நமக்கு இரவும் மதுக்கடை வாசலும்தான் நினைவுக்கு வருகின்றன. மலையில் அதைவிட அதிகம் பயப்பட வேண்டியது காலை நேரத்துக்குத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி குற்றம். 70 கிலோ எடையுள்ள ஆண் 650 மில்லி பீர் ஒன்றைக் குடித்தாலே ரத்தத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் சேர்ந்துவிடும். ஒரு குவாட்டர் பிராந்தி என்றால் 120-ஐத் தாண்டும். கல்லீரல் மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் இதைக் கரைக்கும், அவசரப்படுத்த வழியில்லை. இரவு 9 மணிக்குத் தொடங்கி 12 மணிக்குள் ஆஃப் பாட்டிலை ஒருவரே காலி செய்தால், காலை 8 மணிக்கு அவர் ரத்தத்தில் 90 மில்லிகிராமுக்கு மேல் மிச்சமிருக்கும். சட்ட அளவுக்குக் கீழே வர மதியம் ஆகிவிடும். உடல்வாகுக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்ப இது கூடும், குறையும். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இன்னும் அதிகமாக ஏறும். கடுங்காபி, எலுமிச்சைச் சாறு, மோர், பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் ஒரு மில்லிகிராமைக்கூடக் குறைக்காது. தூக்கம் களைப்பைப் போக்கும். மதுவை வெளியேற்றுவது நேரம் ஒன்றுதான்.

குளிருக்கு இதமாக இருக்கும் என்று குடிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மது தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரிய வைக்கிறது. அதனால் கதகதப்பாகத் தோன்றும். உண்மையில் உடம்பின் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பது மலையில் வண்டி ஓட்டும் எல்லாருக்கும் தெரியும். கியரைக் குறைத்து எஞ்சின் பிடியிலேயே வண்டியை விட வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறி, வேண்டிய இடத்தில் பிடிக்காது. ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்து, எதிர்ச்சத்தம் கேட்டு, பிறகுதான் திருப்ப வேண்டும். திடீரென்று பனிமூட்டம் இறங்கும், காட்டுமாடு குறுக்கே நிற்கும். இத்தனையும் நொடிக்கு நொடி முடிவெடுக்கும் வேலை. மது முதலில் மழுங்கடிப்பதும் அந்தத் திறனைத்தான்.

மலையடிவாரத்தில் ஆபத்து வேறு விதமானது. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனியை நோக்கிச் செல்லும் சாலைகளில் பாதயாத்திரை போகிறவர்கள் இரவெல்லாம் நடக்கிறார்கள். குழந்தையைத் தோளில் சுமந்தவர்கள், காவடி எடுத்தவர்கள், கால் கொப்பளித்து ஓரமாக உட்கார்ந்துவிட்டவர்கள். அவர்களைச் சுற்றி இரும்புக் கூண்டு ஏதும் கிடையாது. அந்த நாட்களில் இந்தச் சாலைகளில் குடித்துவிட்டு ஓட்டுவதை நான் சாதாரணப் போக்குவரத்துக் குற்றமாக நினைக்கவில்லை. நீதிமன்றங்களும் நினைக்கவில்லை. 2006-இல் மும்பை கார்ட்டர் சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 7 தொழிலாளர்களைக் கொன்ற அலிஸ்டர் பெரேரா வழக்கில், உச்ச நீதிமன்றம் 2012-இல் அதைக் கவனக்குறைவு என்று விடாமல், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகவே உறுதி செய்தது.

இனி சட்டம் என்ன தண்டனை சொல்கிறது என்று பார்ப்போம். முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 20-ஆவது பிரிவின்படி, தண்டனை விதிக்கும் நீதிமன்றம் குறைந்தது 6 மாதம் வண்டி ஓட்டத் தகுதிநீக்கமும் செய்ய வேண்டும். பலர் அபராதத்தை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்குப் பெரிய அடி இந்த ஆறு மாதம்தான். இந்தக் குற்றத்தைச் சாலையிலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. நீதிமன்றம் போயாக வேண்டும். எனவே யார் கையிலும் ரொக்கம் கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவரும் தப்ப முடியாது. தெரிந்தே துணைபோனால் 188-ஆவது பிரிவு பாயும். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபரில் அப்படித்தான் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது.

சோதனைக்கு நிறுத்தப்படுகிறவருக்கும் உரிமைகள் உண்டு. ஊதச் சொல்வதற்குச் சீருடையில் உள்ள காவலருக்கோ, அதிகாரம் பெற்ற மோட்டார் வாகனத் துறை அலுவலருக்கோதான் உரிமை. அதற்கும் நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும். ஊதுகுழல் புதிதா என்று கேளுங்கள், வரும் அளவைக் கண்ணால் பாருங்கள், அச்சிட்ட சீட்டைக் கேளுங்கள். இருமல் மருந்தோ வாய் கொப்பளிக்கும் மருந்தோ இப்போதுதான் எடுத்ததாக இருந்தால் அதைச் சொல்லி, கால் மணி நேரம் கழித்து மறுபடியும் ஊதக் கேளுங்கள். கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரிடம் பரிசோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது 202-ஆவது பிரிவு. ஊத மறுப்பது மட்டும் புத்திசாலித்தனம் இல்லை. மறுத்ததையே உங்களுக்கு எதிரான சாட்சியத்துக்கு வலுவாக எடுத்துக்கொள்ள 205-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. வண்டியைப் பொறுத்தவரை, குடிக்காத துணைவரிடமோ உறவினரிடமோ அதை ஒப்படைக்க வேண்டும் என்று தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் சொன்னது. நம்மூரிலும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

வயதுக்கு வயது இந்தப் பழக்கத்தின் முகம் மாறுகிறது. தடுக்க வேண்டியவரும் மாறுகிறார்.

பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் முதல் கேள்வி சாவி யாருடையது என்பது. 2019 திருத்தத்தில் வந்த 199-ஏ பிரிவின்படி, சிறார் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. 2024 மே 19 அன்று புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். பையனின் ரத்த மாதிரியையே மாற்றியதாகக் குற்றச்சாட்டு எழுந்து மருத்துவர்கள் கைதானார்கள். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மது விற்கவே கூடாது. பள்ளிப் பையனின் கையில் பாட்டில் இருந்தால் அதை வாங்கிக் கொடுத்த பெரியவர் ஒருவர் இருந்தே தீருவார்.

இருபதுகளில் இருப்பவர்கள் கூட்டமாக பைக்கில் வருகிறார்கள். அவர்களிடம் சட்டத்தைவிட நண்பனின் பேச்சு எடுபடும். கிளம்புவதற்கு முன்பே இரண்டு பேர் குடிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டால் போதும். ‘மச்சான், பன்னெண்டு மணிக்கு மேல இறங்கலாம்டா’ என்று ஒருவன் சொல்லத் துணிந்தால் இன்னும் நல்லது.

அறுபதைத் தாண்டியவர்களிடம் கேட்கும் வார்த்தை, ‘நாற்பது வருஷமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?’ என்பதுதான். வயதாக ஆக உடம்பில் நீரின் அளவு குறைவதால், அதே அளவு மது கூடுதலாக ஏறும். சளிக்கும் தூக்கத்துக்கும் எடுக்கும் சில மாத்திரைகள் மதுவோடு சேர்ந்தால் கண்ணைச் செருகும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவருக்குக் குடித்த மறுநாள் காலை சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மகனோ மகளோ, ‘அப்பா, இன்னைக்கு நான் ஓட்டுறேன்’ என்று சாவியை வாங்கிக்கொள்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

நான் அதிகம் பேச விரும்புவது சுற்றுலா ஓட்டுநர்களைப் பற்றி. மதுரையிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வரும் குடும்பம் லாட்ஜில் கம்பளி போர்த்தித் தூங்குகிறது. அவர்களை ஏற்றி வந்தவர் வேனுக்குள் சீட்டைச் சாய்த்து, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, லுங்கியால் காதை மூடிப் படுக்கிறார். கண்ணாடி உட்பக்கம் பனித்து வழிகிறது. கழிப்பறைக்கு எங்கே போவது என்று அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டிசம்பர் குளிரில் அந்த இடத்தில் படுக்கிறவரிடம் யாராவது ஒரு குவாட்டரை நீட்டினால் அவர் மறுத்தால்தான் ஆச்சரியம். காலையில் பதினைந்து உயிர்களை இறக்கிக்கொண்டு போகப்போகிறவர் அவர். 2023-இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல்களும் லாட்ஜுகளும் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் ஒதுக்க வேண்டும் என்று கொண்டுவந்தது. அறை போடும்போதே ‘டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா?’ என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு லாட்ஜ் பாருங்கள். அவருக்கு ஒரு கம்பளியும் சுடுசோறும் கொடுங்கள். உங்கள் குழுவில் யாரும் அவருக்கு ஊற்றிக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் வாடை அடித்தால் வண்டியில் ஏறாதீர்கள். ஏற மறுப்பது உங்கள் உரிமை. வாக்குவாதமானால் 112-ஐ அழையுங்கள்.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகளுக்கு எதிராக வழக்கறிஞர் கே. பாலு தமிழ்நாட்டிலிருந்து தொடுத்த வழக்கில்தான், 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் 500 மீட்டர் தடையை நாடு முழுவதற்கும் விதித்தது. மறு ஆண்டே நகராட்சி எல்லைகளுக்கு அது தளர்ந்தது. அது முழுதாக நின்றிருந்தாலும் டிக்கியில் பாட்டிலோடு வருகிறவரைத் தொட்டிருக்காது. கொடைக்கானலில் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் நடைமுறையில் உள்ளது. அதற்காக வண்டிகளை நிறுத்துகிறார்கள். அதே அக்கறையோடு இறங்கும் வண்டிகளையும் காலை 6 மணி முதல் 11 மணி வரை நிறுத்தி, ஓட்டுநரிடம் இரண்டு வார்த்தை பேசினால் போதும்; சந்தேகம் வந்தால் ஊதச் சொல்லலாம். இ-பாஸ் சீட்டிலேயே, இரவு குடித்தவர்கள் மதியத்துக்கு முன் ஓட்ட வேண்டாம் என்று அச்சிடலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பரில் வழியில் போகிற யாரையும் ஊதவைக்கும் சோதனையைத் தொடங்கியதும் சாலை மரணங்கள் சரிந்தன. எந்த நேரத்திலும் பிடிபடலாம் என்ற நினைப்பே அங்கே வேலை செய்தது.

விபத்து நடந்துவிட்டால் முதலில் 108. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. உதவிக்கு வந்தவரைக் காவல் நிலையத்துக்கு இழுக்கவோ பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்தவோ கூடாது என்கின்றன 134-ஏ பிரிவும் அதன் கீழ் வந்த விதிகளும். அடுத்தது, மோதியவரின் ரத்தம் அன்றே எடுக்கப்பட்டதா என்று காவல் ஆய்வாளரிடம் எழுத்தில் கேளுங்கள். நாள் தாண்டினால் அந்தச் சாட்சியம் போய்விடும், வழக்கில் ‘அதிவேகம்’ மட்டுமே மிஞ்சும். முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டுக் (ஏ.ஆர்.) காப்பி, காயச் சான்று மூன்றையும் வாங்கி வையுங்கள். இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். வக்கீலுக்கு வசதியில்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100. ஓட்டுநர் குடித்திருந்தார் என்பதைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் ஒதுங்கப் பார்க்கலாம். முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. குடித்து ஓட்டியவரின் சொந்த வண்டிச் சேதத்துக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது. 2021-இல் பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது.

மறுபடி மறுபடி பிடிபடுகிறவர் விஷயம் வேறு. அப்படிப்பட்டவர்களில் பலருக்கு அது திமிர் இல்லை, நோய். அபராதத்தைக் கட்ட வீட்டு நகை அடகுக்குப் போகும். அவர் லைசென்ஸ் இல்லாமலேயே வண்டி எடுப்பார். தகுதியிழப்பும் வேண்டும், சிகிச்சையும் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றது நிற்காது. காலையில் எழுந்ததும் கை நடுங்குவது, குடித்தால்தான் அது அடங்குவது, நேற்று நடந்தது மறந்துபோவது ஆகியவை அடிமைப்பட்டதன் அடையாளங்கள். அப்படிப்பட்டவரை ‘நாளையிலிருந்து நிறுத்து’ என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருந்தோடு நிறுத்த வைப்பார்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. பெயர் சொல்லாமலேயே பேசலாம். அவர் வரமாட்டேன் என்றால் மனைவியோ அம்மாவோ மட்டும்கூட முதலில் அழைக்கலாம். முதல் முறை பிடிபட்டு, நீதிமன்றப் படியில் வெட்கத்தோடு நிற்கும் நாள்தான் அந்தப் பேச்சைத் தொடங்க ஏற்ற நாள். அந்த நாளிலேயே சாவியும் வீட்டில் வேறொருவர் கைக்கு வந்துவிட வேண்டும்.