டிவியில் படம் வரைய ஒரு பலகை: 17 லட்சம் விற்ற யூட்ரா, அடுத்த வருஷமே கம்பெனியை ஆட்டம் காண வைத்தது எப்படி?

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவார்கள். பெரிய கம்பெனியில் லைன் ஓடினால்தான், அதற்கு பிராக்கெட்டும் ரப்பர் புஷ்ஷும் செய்து கொடுக்கும் சின்ன யூனிட்டில் மிஷின் ஓடும். அங்கே லைன் நின்றால் இங்கே ஓவர்டைம் நிற்கும். போட்டு வைத்த சரக்கு குடோனில் தூங்கும்.

வீடியோ கேம் உலகத்திலும் இதே கணக்குதான். ஒரு கேம் சாதனத்தை நம்பி இன்னொருவர் ஒரு துணைக்கருவி செய்வார். அது ஓடுமா, குடோனில் தூங்குமா என்பது அவர் கையில் மட்டும் இல்லை. இதற்குப் பெரிய உதாரணம், டிவி திரையில் படம் வரைவதற்காக வந்த 'யூட்ரா' என்ற பலகை. ஒரே வருஷத்தில் அது ஜெயித்தது, தோற்கவும் செய்தது. என்ன நடந்தது? விவரமாகப் பார்ப்போம்.

யூட்ரா என்றால் என்ன?

அமெரிக்காவில் டிஹெச்க்யூ என்று ஒரு வீடியோ கேம் கம்பெனி இருந்தது. 1990-ல் தொடங்கிய நிறுவனம். 2010 நவம்பரில் நின்டெண்டோ நிறுவனத்தின் 'வீ' சாதனத்துக்காக யூட்ரா பலகையை அது கொண்டு வந்தது. விலை சுமார் 70 டாலர். அன்றைய மதிப்பில் 3 ஆயிரம் ரூபாய்க்கு மேல்.

வெள்ளைப் பலகை, அதோடு வயரில் இணைந்த ஒரு பேனா. வீ சாதனத்தின் ரிமோட்டை பலகையின் ஓரத்தில் இருக்கும் குழியில் செருகிவிட வேண்டும். பலகைக்குத் தேவையான மின்சாரமும், டிவி பக்கம் இருக்கும் சாதனத்தோடு வயர் இல்லாமல் பேசும் வேலையும் அந்த ரிமோட் வழியாகவே நடக்கும். மடியில் வைத்து பலகையில் கோடு போட்டால் டிவியில் கோடு விழும்.

பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. வீ பதிப்பு மட்டும் சுமார் 17 லட்சம் விற்றது.

இது புது யோசனையா?

இல்லை. டிவியில் படம் வரையும் ஆசை, வீட்டு வீடியோ கேம் வந்த காலத்திலேயே வந்துவிட்டது.

1982-ல் வந்த வெக்ட்ரெக்ஸ் என்ற கேம் சாதனம் சொந்தத் திரையோடு வந்தது. அதற்கு ஒரு 'லைட் பேனா' தனியாக விற்கப்பட்டது. அதை வைத்து நேரடியாகத் திரையிலேயே வரையலாம்.

அடுத்து 1983-84 வாக்கில் கோலாபேட் என்ற பலகை வந்தது. சுமார் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம். அட்டாரி, கமடோர் 64 போன்ற வீட்டுக் கணினிகளில் இதை இணைத்து வரையலாம். அந்தக் கணினிகளைப் பலரும் வாங்கியதே கேம் விளையாடத்தான். அட்டாரி நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு தொடுபலகை விற்றது.

ஜப்பானில் செகா நிறுவனம் 1985-ல் தனது எஸ்ஜி-1000 சாதனத்துக்கு 'டெரெபி ஒஎகாகி' என்ற வரைபலகை விற்றது. 'டிவி ஓவியம்' என்று பொருள். நின்டெண்டோவின் ஃபேமிகாம் சாதனத்துக்கு பண்டாய் நிறுவனம் 'ஒஎகா கிட்ஸ்' என்ற பலகையைக் கொண்டு வந்தது.

ஃபேமிகாம் என்றால் நமக்குத் தெரியாத பெயர் மாதிரி இருக்கும். ஆனால் 90-களில் கேசட் போட்டு டிவியில் விளையாடியவர்கள் எல்லாருக்கும் அது சொந்தக்காரர்தான். சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்ற பெயர்களில் நம்ம ஊர்க் கடைகளில் கிடைத்தவை அந்த ஃபேமிகாமின் வழிவந்த சாதனங்கள். நம்ம பிள்ளைகள் கையில் வந்தது பெரும்பாலும் ரெண்டு கண்ட்ரோலரும் ஒரு துப்பாக்கியும்தான்.

பலகையில் போட்ட கோடு டிவிக்கு எப்படிப் போகிறது?

இதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, அழுத்தம். கோலாபேட் இந்த வகை. பலகையின் மேல்தோலுக்குக் கீழே மின்சாரம் கடத்தும் ரெண்டு மெல்லிய படலங்கள், நடுவே சின்ன இடைவெளி. பேனாவால் அழுத்தினால் அந்த இடத்தில் மட்டும் ரெண்டும் தொடும். எந்த இடம் தொட்டது என்பது மின் அளவில் தெரியும். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழை நினைத்துக்கொள்ளுங்கள். குமிழைத் திருப்பினால் மின்தடை கூடும், குறையும். பலகை இப்படி ரெண்டு குமிழ் மாதிரி வேலை செய்யும். ஒன்று இடம் வலத்துக்கு, இன்னொன்று மேல் கீழுக்கு. அதனால்தான் கோலாபேடை ஜாய்ஸ்டிக் சொருகும் அதே துளையில் செருக முடிந்தது.

இரண்டாவது வழி, ஒளி. பழைய பெட்டி டிவியில் ஒரு மின்கதிர் திரையில் ஓடித்தான் படத்தை வரையும். லைட் பேனாவின் நுனியில் ஒளியை உணரும் சென்சார் இருக்கும். கதிர் பேனா இருக்கும் புள்ளியைத் தொட்ட கணத்தில் சாதனத்துக்கு சிக்னல் போகும். அந்த நேரத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். வாத்து சுடும் கேமில் நீங்கள் பிடித்த துப்பாக்கியும் பெட்டி டிவியின் ஒளியை நம்பித்தான் வேலை செய்தது. இன்றைய எல்சிடி, எல்இடி டிவியில் அப்படிக் கதிர் ஓடுவதில்லை. அதனால்தான் பழைய துப்பாக்கி புது டிவியில் சுடாது.

மூன்றாவது வழி, காந்தப்புலம். தொழில்முறை ஓவியர்கள் பயன்படுத்தும் வகை இது. பலகைக்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள், பேனாவுக்குள் இருக்கும் சுருளோடு தொடாமலே பேசும். ஜப்பானின் வாகாம் நிறுவனம் இதில் பெயர் பெற்றது. பேனாவுக்கு பேட்டரி தேவையில்லை.

17 லட்சம் விற்ற பொருள் எங்கே சறுக்கியது?

வீ பதிப்பு ஓடியதைப் பார்த்து டிஹெச்க்யூ அடுத்த அடி வைத்தது. 2011 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 ஆகிய சாதனங்களுக்கும் யூட்ரா வந்தது. விலை சுமார் 80 டாலர். ரிமோட் செருகத் தேவையில்லை, படமும் துல்லியம். பொருளாகப் பார்த்தால் முந்தையதைவிட மேம்பட்டதுதான்.

ஆனால் விற்கவில்லை. அந்த கிறிஸ்துமஸ் சீசனில் எதிர்பார்த்த வருமானத்தில் சுமார் 10 கோடி டாலர் துண்டு விழுந்ததாக கம்பெனியே அறிவித்தது. விற்காமல் தேங்கிய பலகைகள் 14 லட்சத்துக்கு மேல். அதாவது முதல் வருஷம் விற்ற அளவுக்குக் கிட்டத்தட்ட, அடுத்த வருஷம் தேங்கி நின்றது.

2012 தொடக்கத்தில் யூட்ரா உற்பத்தி நிறுத்தப்பட்டது. 240 ஊழியர்கள் வேலை இழந்தனர். 2012 டிசம்பர் 19-ல் டிஹெச்க்யூ திவால் பாதுகாப்பு கேட்டு விண்ணப்பித்தது. 2013 ஜனவரியில் அதன் ஸ்டூடியோக்களும் கேம்களும் ஏலம் போனன.

இந்தப் பலகை ஒன்று மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கம்பெனி ஏற்கெனவே தடுமாறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தடுமாறியவர் தலையில் 14 லட்சம் பலகைகளின் பாரமும் ஏறியது.

என்ன காரணம்?

மூன்று விஷயங்களைச் சொல்லலாம்.

முதலாவது, ஆள் மாறியது. வீ சாதனம் குடும்பத்தோடு விளையாடுவது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் வாங்கியது. எக்ஸ்பாக்ஸையும் பிளேஸ்டேஷனையும் அதிகம் வாங்கியவர்கள் துப்பாக்கிச் சண்டை, ஃபுட்பால் விளையாடும் இளைஞர்கள். அவர்களிடம் போய் பலகையில் பூ வரையச் சொன்னால்?

இரண்டாவது, காலம் மாறியது. ஆப்பிளின் ஐபேட் 2010 ஏப்ரலில் சந்தைக்கு வந்துவிட்டது. விரலால் தொட்டு திரையிலேயே வரைய முடியும்போது, மடியில் வரைந்து டிவியில் பார்ப்பது பழசாகத் தெரிய ஆரம்பித்தது.

மூன்றாவதுதான் முக்கியம். துணைக்கருவியின் பொறி அது. பலகை எல்லார் வீட்டிலும் இருக்காது. அதனால் கேம் செய்பவர்கள் பலகைக்காகத் தனியாக கேம் செய்ய மாட்டார்கள். கேம் இல்லாததால் மக்கள் பலகையை வாங்க மாட்டார்கள். கோழி முதலா, முட்டை முதலா என்ற கதை. யூட்ராவுக்கு வந்த கேம்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

பேனா பெட்டிக்குள்ளேயே இருந்தால்?

கதையே வேறு. செகா நிறுவனம் 1993-ல் ஜப்பானில் 'பிகோ' என்ற குழந்தைகளுக்கான சாதனத்தைக் கொண்டு வந்தது. பேனாவும் வரையும் பரப்பும் சாதனத்தோடு சேர்ந்தே வந்தன. ஜப்பானில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் விற்றது. 2004-ல் வந்த நின்டெண்டோ டிஎஸ் கைக்கேமிலும் பேனா பெட்டிக்குள்ளேயே இருந்தது. அது 15 கோடிக்கு மேல் விற்றது. எல்லார் கையிலும் பேனா இருக்கிறது என்று தெரிந்ததால் எல்லா கம்பெனியும் பேனாவை வைத்து கேம் செய்தன.

அதற்காக இது வெற்றிக்கான மந்திரம் என்று நினைக்க வேண்டாம். நின்டெண்டோவே 2012-ல் பேனாவோடு கொண்டு வந்த வீ யூ சாதனம் 1.4 கோடியைக்கூட எட்டவில்லை.

பழைய பலகை கண்ணில் பட்டால் வாங்கலாமா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ, ஆன்லைனில் செகண்ட் ஹேண்டாகவோ இப்படி ஒரு பலகை கிடைத்தால், காசு கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

• வீ பதிப்பா? வீ சாதனம், அதன் ரிமோட், யூட்ரா கேம் டிஸ்க் மூன்றும் வேண்டும். டிஸ்க்கும் சாதனமும் ஒரே பிராந்தியத்துக்கானதா என்று பாருங்கள். அமெரிக்க டிஸ்க் ஐரோப்பிய வீயில் ஓடாது.

• பிளேஸ்டேஷன் 3 பதிப்பா? கூடவே ஒரு சின்ன யூஎஸ்பி ரிசீவர் வரும். அது இல்லையென்றால் பலகை வெறும் பிளாஸ்டிக்தான்.

• பேனாவின் வயர் விட்டிருக்கிறதா? நுனி தேய்ந்திருக்கிறதா? இதற்கு உதிரி பாகம் தேடுவது கஷ்டம்.

• லைட் பேனா வகையா? பெட்டி டிவி வீட்டில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பிளேஸ்டேஷன் 3 யூட்ராவை கணினியில் இயக்கும் டிரைவர் 2016-ல் எழுதப்பட்டு, லினக்ஸ் மென்பொருளிலேயே சேர்க்கப்பட்டது. சுமார் 16 சென்டிமீட்டர் அகலம், 9 சென்டிமீட்டர் உயரம் வரையும் பரப்பு. பேனா எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் கணினி படிக்கும். கம்பெனி போய்விட்டது, பலகை இன்னும் கோடு போடுகிறது.

ஓசூருக்கு இதில் என்ன பாடம்?

ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருவில், 1997-ல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் என்ற ஸ்டூடியோ வெளிநாட்டு கேம்களுக்குப் படம் வரைந்து கொடுத்தே வளர்ந்தது. 2019-ல் அதை ராக்ஸ்டார் கேம்ஸ் வாங்கியது. கேம்களுக்குப் படம் வரைபவர்களின் மேஜைகளில் பேனா டேப்லெட் இன்றும் அன்றாடக் கருவி. விளையாடுபவர் கையில் நிலைக்காத பலகை, விளையாட்டைச் செய்பவர் கையில் நிலைத்துவிட்டது. காரணம், அது ஒரே சாதனத்தை நம்பி இல்லை. எந்தக் கணினியிலும் வேலை செய்யும்.

1980-ல் டிவிஎஸ் 50 ஓசூரில் உருவானபோது, அதற்கு வேண்டிய உதிரி பாகங்கள் செய்யும் தொழிலும் சுற்றுவட்டாரத்தில் சேர்ந்து வளர்ந்தது. இன்று அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளி பக்கம் ஓலா ஆலையில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்கிறார்கள். எலெக்ட்ரிக் வண்டிக்கு டயர் வேண்டும், சீட் வேண்டும், பிரேக் வேண்டும். கார்புரேட்டரும் பிஸ்டனும் சைலன்ஸரும் வேண்டாம். எந்த வண்டிக்கும் போகிற பாகம் செய்பவருக்கு லைன் மாறினாலும் ஆர்டர் உண்டு. பெட்ரோல் இன்ஜினுக்கு மட்டுமே போகிற பாகம் செய்பவர் அடுத்து என்ன என்று இப்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது.

யூட்ராவின் 14 லட்சம் பலகைகள் மோசமான பொருள் என்பதால் தேங்கவில்லை. முதல் வருஷம் வந்த ஆர்டர் இரண்டாம் வருஷமும் வரும் என்று நம்பியதால் தேங்கின. சரக்கு போடும் முன் 'இது எந்த வண்டிக்கு, அந்த வண்டியை அடுத்த வருஷம் யார் வாங்குவார்கள்?' என்ற கேள்வி, டிவி கேமுக்கும் சிப்காட் ஷெட்டுக்கும் ஒன்றுதான்.