மூன்று சக்கரமும் மாதச் சம்பளமும்

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் அன்றாட வாழ்வில் ஆட்டோ ரிக்‌ஷா பெற்றுள்ள இடம் சிறிதன்று. பேறுகாலத்தில் மருத்துவமனைக்கு விரைவதும் அதிலே. ஊரிலிருந்து வந்த அரிசி மூட்டையை வீடு சேர்ப்பதும் அதிலே. எனினும், இத்துணைப் பழகிய வாகனத்தின் கணக்கை நம்மில் பலர் அறியோம். அதனால் இழப்பது பணம் மட்டுமன்று, மன அமைதியுங்கூட.

இதன் பூர்வீகம் இத்தாலி நாடு. 1946-ல் வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்ட பியாஜியோ நிறுவனத்தார், 1948-ல் அதே முறையில் மூன்று சக்கரச் சுமைவண்டி ஒன்றைச் செய்து ‘ஆப்பே’ எனப் பெயரிட்டனர். வெஸ்பா என்றால் குளவி. ஆப்பே என்றால் தேனீ. நம் நாட்டில் பஜாஜ் நிறுவனம் 1959-ல் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகள் செய்ய உரிமம் பெற்றது. இன்றும் ஆட்டோ ஓட்டுநர் பிடித்திருப்பது ஸ்கூட்டரின் கைப்பிடியையே.

முன்புறம் ஒற்றைச் சக்கரம் இருப்பதால் வண்டி குறுகிய சந்திலும் எளிதில் திரும்பும். அதுவே அதன் குறையுமாம். வேகமாகத் திருப்பினால் சாய்ந்துவிடும். ஆதலின் மூவருக்கு மேல் ஏறலாகாது. பள்ளிப் பிள்ளைகளை ஓட்டுநரின் இருக்கையில் ஒட்டவைத்து அனுப்பும் வழக்கத்தைப் பெற்றோர் அடியோடு கைவிடல் வேண்டும்.

இனிக் கட்டணத்தைக் காண்போம். பெங்களூரில் 2025 ஆகஸ்டு 1 முதல் முதல் 2 கிலோமீட்டருக்கு ரூ. 36; அதன்மேல் கிலோமீட்டர் ஒன்றுக்கு ரூ. 18. இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. காத்திருப்பில் முதல் 5 நிமிடம் இலவசம். 20 கிலோ வரை மூட்டைக்குக் கட்டணமில்லை. ஆகவே 5 கிலோமீட்டர் பயணத்துக்குப் பகலில் ரூ. 90, இரவில் ரூ. 135.

ஒருவர் நாள்தோறும் போகவர இவ்வாறு சென்றால், 25 நாளில் ரூ. 4,500 ஆகிவிடும். நம் போன்ற குமாஸ்தாக்களின் சம்பளத்தில் இது வீட்டு வாடகைக்கு அடுத்த செலவாகி நிற்கும். அண்டை வீட்டார் மூவர் சேர்ந்து சென்றாலோ ஆளுக்கு ரூ. 1,500-தான். சேர்ந்து வாழ்வதன் பயன் இங்கே ரூபாயாகவே கைக்கு வருகின்றது! கைபேசியில் வண்டி அழைப்போரும், அது காட்டும் தொகையை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

ரயிலில் சீட்டு வாங்கும்போதே கட்டணம் தெரிந்துவிடுவதால் பயணத்தின் முடிவில் வாக்குவாதம் இல்லை. ஆட்டோவிலும் ஏறுமுன் “மீட்டர் ஹாகி” என்று கன்னடத்தில் இன்முகத்தோடு கேட்டுவிட்டால் பெரும்பாலான சச்சரவு தவிரும். “அண்ணா” என்னும் சொல் இரு மொழிக்கும் பொது. அதனினும் நல்ல தொடக்கம் வேறில்லை. 1980-ல் ‘ஆட்டோ ராஜா’ என்னும் கன்னடப் படத்தில் நடித்த சங்கர் நாக், 1990-ல் மறைந்த பின்னரும் ஆட்டோக்களின் முதுகில் படமாக வாழ்கின்றார். ஆர்.கே. நாராயணின் மால்குடிக் கதைகளைத் தொலைக்காட்சிக்கு இயக்கியவரும் அவரே. அவரைப் பற்றி இரண்டு சொல் பேசினால் ஓட்டுநரின் முகம் மலரும்.

அவருக்கும் எரிவாயுச் செலவு உண்டு; வண்டிக்கடன் உண்டு; பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் உண்டு. மீட்டர் காட்டும் தொகையில் ஒரு ரூபாயும் குறைக்க முயலாதிருப்பது நம் கடமை. அதற்கு மேல் கேட்டால் பணிவுடன் மறுப்பது நம் உரிமை. பிழைக்க வந்த ஊரில் இவ்விரண்டையும் ஒருங்கே பேணுவோமாக.