பெயர் இல்லாத பதக்கம்

கடற்கரைச் சாலைக் கதைகள் – 19

புதுச்சேரியில் பழைய சொல்தா வீடு ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால், பீரோவின் அடித்தட்டில் பிஸ்கட் டப்பா ஏதும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை இந்த ஊர் 'சொல்தா' என்றுதான் சொல்லும். டப்பாவுக்குள் ஒரு வெண்கலச் சிலுவை கிடைக்கலாம். சிலுவையின் குறுக்கே இரண்டு வாள்கள், நடுவில் தொப்பி வைத்த ஒரு பெண் முகம். அந்தப் பெண்தான் பிரெஞ்சுக் குடியரசு. நாடா பச்சை, அதில் மெல்லிய சிவப்புக் கோடுகள். திருப்பினால் பின்பக்கம் 1914–1917, 1914–1918 என்பதுபோல் ஆண்டு மட்டும் இருக்கும். யாருக்குக் கொடுத்தார்கள் என்பது எந்தப் பக்கத்திலும் இருக்காது.

இதன் பெயர் குருவா த கேர், போர்ச் சிலுவை. முதல் உலகப் போரின் நடுவே, 1915 ஏப்ரல் 8-ஆம் தேதிச் சட்டத்தால் பிறந்தது.

பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த பாகூர்க்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனார். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கடலூர்க்காரர் பிரிட்டிஷ் பட்டாளத்துக்குப் போனார். கடலூர்க்காரருக்குக் கிடைத்த வெள்ளிப் போர்ப் பதக்கத்தின் விளிம்பைச் சுற்றி அவருடைய எண், பதவி, பெயர், ரெஜிமென்ட் எல்லாம் பொறித்திருக்கும். நூறு வருஷம் கழித்து எடைக்கு வாங்கும் கடையில் கிடைத்தாலும் அது இன்னாருடையது என்று சொல்லிவிடலாம். பாகூர்க்காரரின் சிலுவை அப்படிப் பேசாது. அவருடைய பெயர் காகிதத்தில்தான் இருந்தது. எந்த நாள், எந்த இடத்தில், என்ன செய்தார் என்று நாலு வரியில் எழுதிப் படைப்பிரிவில் வாசித்த பாராட்டுக் குறிப்பு அது. நாடாவில் குத்தியிருக்கும் சிறிய சின்னம், அந்தக் குறிப்பு எவ்வளவு உயரத்திலிருந்து வந்தது என்பதைக் காட்டும். வெண்கல நட்சத்திரம் என்றால் ரெஜிமென்ட் அல்லது பிரிகேட், வெள்ளி நட்சத்திரம் என்றால் டிவிஷன், பொன்முலாம் பூசிய நட்சத்திரம் என்றால் அதற்கும் மேலான கோர். வெண்கலத்தில் ஒரு சின்ன ஓலை இருந்தால் முழு ராணுவத்தின் பெயராலேயே பாராட்டு.

காகிதத்தைக் கரையான் தின்றது. சிலுவை மிஞ்சியது. இந்த வாரக் கதை அதைப் பற்றியதுதான்.

சென்ற வாரம் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளையின் செருப்பு வழக்கைப் பார்த்தோம். 1873-இல் செருப்போடு நீதிமன்றத்துக்குள் வந்தார் என்று வெளியே அனுப்பப்பட்டவர், பாரீஸ் வரை போய் ஜெயித்த கதை. அதே செருப்பு அதற்கும் நூறு வருஷம் முன்னால் ஒரு விருதாக இருந்தது. கவர்னர் துய்ப்ளெக்ஸிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் கிடைத்த மரியாதைகளில், கவர்னர் மாளிகைக்குள் பல்லக்கில் மேளதாளத்தோடு நுழைவது, தங்கப்பூண் போட்ட பிரம்பு வைத்துக்கொள்வது, காலில் செருப்போடு உள்ளே போவது எல்லாம் உண்டு. யாருக்கு எத்தனை கெஜம் சகலாத்து என்ற கம்பளித் துணி கொடுத்தார்கள், யாருக்கு மரியாதையாக எத்தனை பீரங்கி போட்டார்கள் என்று மனிதர் தம் நாட்குறிப்பில் சளைக்காமல் எண்ணிக்கொண்டே போகிறார். அந்தக் காலத்தில் பதக்கம் என்றால் அதுதான்.

அதே நாட்குறிப்பில் ஷேக் ஹசன், அப்துல் ரகுமான் என்று சிப்பாய்த் தலைவர்கள் வருகிறார்கள். மாஹேயிலிருந்து வந்த சிப்பாய்களுக்குத் தலைவர்கள். உள்ளூர் ஆட்களைச் சேர்த்து, ஐரோப்பிய முறையில் பழக்கிச் சண்டைக்கு அனுப்பும் யோசனை இந்தப் பக்கம் வேர் பிடித்தது புதுச்சேரியில்தான். கவர்னர் துய்மா தொடங்கிவைத்ததை துய்ப்ளெக்ஸ் வளர்த்தார். 1746-இல் அடையாற்றங்கரையில் பரதி என்ற சுவிஸ்காரரின் தலைமையில் சில நூறு ஐரோப்பியரும் சில நூறு சிப்பாய்களும் ஆற்காட்டு நவாபின் பத்தாயிரம் பேர் கொண்ட படையை விரட்டினார்கள். பிரிட்டிஷ்காரர்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் சிப்பாய்ப் படையைப் பெருக்கினார்கள். மெட்ராஸ் ராணுவத்தின் வம்சாவளியைத் தோண்டினால் ஒரு வேர் நம்முடைய கடற்கரையில் வந்து முட்டும். இதைப் பெருமையாகச் சொல்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்தச் சிப்பாய்களுக்குப் பிரெஞ்சு மன்னர் என்ன கொடுத்தார்? சேன் லூயி விருது என்று ஒன்று 1693-லிருந்து இருந்தது. ஆனால் அது கத்தோலிக்க அதிகாரிகளுக்கு மட்டும். புராட்டஸ்டன்ட் அதிகாரிகளுக்கே 1759-இல் தனியாக வேறொன்று உண்டாக்க வேண்டியிருந்தது. ஷேக் ஹசன் எந்த வரிசையில் போய் நிற்பது?

ஒரு புதுச்சேரித் தமிழர் மட்டும் அந்தக் காலத்திலேயே 'செவாலியே' ஆனார். ஆனால் அவர் வாள் பிடித்தவர் அல்ல. துபாஷ் நயினியப்பப் பிள்ளையைப் பிரெஞ்சுக் கம்பெனி 1716-இல் பொய் வழக்கில் சிறையில் போட்டது. அடுத்த வருஷம் அவர் சிறையிலேயே இறந்தார். மகன் குருவப்பப் பிள்ளை நியாயம் கேட்டுக் கப்பலேறிப் பிரான்சுக்குப் போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, சேன் மிஷேல் விருதின் செவாலியேவாகத் திரும்பி வந்தார். தமிழ்நாட்டில் செவாலியே என்றதும் சிவாஜிதான் ஞாபகத்துக்கு வருவார். அவருக்கு 1995-இல் கிடைத்தது கலை இலக்கியத்துக்கான விருது. மூன்றுக்கும் மேற்பட்ட பிரெஞ்சு விருதுகளில் செவாலியே என்பது ஒரு படிநிலையின் பெயர்தான். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கலக்கக் கூடாது.

சிப்பாய்க்கு வருவோம். 1814 பாரிஸ் உடன்படிக்கையில் பிரிட்டன் புதுச்சேரியைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு கடிவாளமும் சேர்த்துக் கொடுத்தது. கோட்டை கட்டக் கூடாது, ஊர் ஒழுங்கைக் காக்கத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது. அடையாற்றில் நவாபை ஓடவிட்ட படையின் வாரிசுகள் அதற்குப் பிறகு செய்தது காவல் வேலையும் அணிவகுப்பும்தான். ரெஜிமென்டின் மரியாதை அதன் கொடியில் இருக்கிறது. சண்டையிட்ட ஊர்களின் பெயர்களைக் கொடியில் தைப்பார்கள். முழு ரெஜிமென்டும் ராணுவ அளவில் இரண்டு முறை பாராட்டுப் பெற்றால், அதிலுள்ள ஒவ்வொருவரும் தோளில் பின்னல் கயிறு ஒன்று தொங்கவிடலாம். அதற்கு 'ஃபுராழேர்' என்று பெயர். ஊர்க்காவலுக்கு மட்டும் என்று கையெழுத்தான படைக்கு எங்கிருந்து வரும் ஃபுராழேர்?

சண்டை வந்தபோது ஆட்கள் போனார்கள். தனிப் படையாகப் போகவில்லை, அங்கேதான் கோளாறு. முதல் உலகப் போரில் புதுச்சேரி, காரைக்கால் பிள்ளைகள் பிரெஞ்சுக் காலனிப் படைகளில் இங்கே நாலு, அங்கே பத்து என்று சிதறிச் சேர்ந்தார்கள். 'புதுச்சேரி ரெஜிமென்ட்' என்று ஒன்று களத்தில் நிற்கவில்லை. ஒருவன் வீரமாக நடந்தால் சிலுவை அவனுக்கு வந்தது, கீர்த்தி அந்த ரெஜிமென்டுக்குப் போனது, ஊருக்கு ஒன்றும் வரவில்லை.

இரண்டாம் போரிலும் அதே கதை. பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்த பிறகு, 1940 செப்டம்பரில் கவர்னர் லூயி போன்வேன் புதுச்சேரியை தெ கோலின் பக்கம் சேர்த்தார். தெ கோல் அதே ஆண்டு நவம்பரில் 'விடுதலை விருது' என்று ஒன்றை உண்டாக்கினார். மொத்தம் 1,038 பேருக்கும் 5 ஊர்களுக்கும் 18 படைப்பிரிவுகளுக்கும் மட்டுமே கிடைத்த, பிரான்சில் மிகவும் மதிக்கப்படும் விருது. போன்வேனுக்குக் கிடைத்தது. அந்தப் 18 படைப்பிரிவுகளில் ஆப்பிரிக்காவின் உபாங்கி-ஷாரியின் பெயரைத் தாங்கிய படை உண்டு, பசிபிக் தீவுகளின் பெயரைத் தாங்கிய படையும் உண்டு. தெ கோலின் சுதந்திர பிரெஞ்சுப் படையில் புதுச்சேரி ஆட்களும் இருந்தார்கள். ஆனால் தங்கள் ஊர்ப் பெயரில் ஒரு பட்டாலியன் இல்லாததால் அந்தப் பட்டியலில் புதுச்சேரி இல்லை. தாஹித்தி இருக்கும் பட்டியலில் நாம் இல்லாததற்கு வீரம் குறைந்தது காரணமல்ல, ஆட்களைப் பிரித்துப் போட்டதுதான் காரணம் என்பது என் கட்சி.

பிறகு இந்தோசீனா, பிறகு அல்ஜீரியா. இந்தோசீனாவில் கிடைத்த போர்ச் சிலுவை வேறு, நாடாவில் வெளிர் நீலமும் சிவப்பும். அல்ஜீரியாவை 'போர்' என்று ஒப்புக்கொள்ள பிரெஞ்சு அரசுக்கு மனம் வரவில்லை. அதனால் 1956-இல் 'ராணுவ வீரச் சிலுவை' என்று வேறு பெயரில் ஒன்றைச் செய்தார்கள். நாடாவின் நிறத்தைப் பார்த்தே தாத்தா எங்கே போய் வந்தார் என்று சொல்லிவிடலாம். டப்பாவில் உள்ள ஒவ்வொரு துணித் துண்டும் ஒரு விலாசம்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடலாம். மெதாய் மிலித்தேர், அதாவது ராணுவப் பதக்கம், மஞ்சள் நாடாவில் பச்சைக் கரை. 1852-இல் லூயி நெப்போலியன் சாதாரணச் சிப்பாய்க்கும் சார்ஜண்டுக்கும் என்று உண்டாக்கியது. அதிகாரிகளுக்குக் கிடையாது. ஆனால் படையை நடத்தி ஜெயித்த ஜெனரலுக்குக் கொடுப்பார்கள், அவர்கள் அதைப் பெரிய பாக்கியமாக நினைத்தார்கள். ஆரம்பத்தில் அதோடு வருஷத்துக்கு 100 பிராங்க் வந்தது, அன்றைக்கு அது பணம். அந்த உதவித்தொகை இன்றும் உண்டு: வருஷத்துக்கு 4 யூரோ 57 சென்ட். சுமார் ஐந்நூறு ரூபாய்தான்.

குடும்பத்தைக் காப்பாற்றியது அது அல்ல, பென்ஷன். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, இங்கே பிறந்து இங்கே வாழ்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. ஒரு கையெழுத்து. அதன் மதிப்பு தெரிய ஆப்பிரிக்காவைப் பார்க்க வேண்டும். 1959 டிசம்பரில் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டு, தனி நாடுகளாகிப் போன காலனிகளின் பழைய சிப்பாய்களுக்கான பென்ஷனை அப்படியே உறையவைத்தது. பக்கத்துப் பதுங்குகுழியில் கிடந்த பிரெஞ்சுக்காரனின் பென்ஷன் ஏற, செனகல்காரனின் பென்ஷன் நின்ற இடத்திலேயே நின்றது. 2006-இல் ஒரு சினிமா வந்து நாடே வெட்கப்பட்ட பிறகுதான் அடுத்த ஆண்டு முதல் அதைச் சரிசெய்யத் தொடங்கினார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையோடு நின்ற நம்முடைய சொல்தாக்கள் இந்த அநியாயத்திலிருந்து தப்பினார்கள். பதக்கத்துக்காக இல்லை, கையெழுத்துக்காக.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. தூண்களுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய், தாய்நாட்டுக்காக உயிர்விட்ட பிரெஞ்சிந்தியப் போர்வீரர்களுக்கு என்று பிரெஞ்சில் ஒரு வரி. 1938 ஏப்ரல் 3-இல் திறந்தார்கள். போர் முடிந்து ஏறக்குறைய இருபது வருஷம் ஆகியிருந்தது, அடுத்த போர் தொடங்க ஒன்றரை வருஷம்கூட இல்லை. ஜூலை 14 அன்று காலை இங்கே வந்தால் இரண்டு தேசிய கீதங்களையும் கேட்கலாம், மார்பில் பதக்கங்களோடு நிற்கும் பெரியவர்களையும் பார்க்கலாம். வருஷா வருஷம் அந்த வரிசை சுருங்குகிறது.

சொல்தா வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் சீட்டுகளைப் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகம் 'மெம்வார் தெ ஸோம்' என்ற இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. பெயர், படை, எண், பிறந்த ஊர், இறந்த இடம் எல்லாம் ஒரே சீட்டில். லெழியோன் தொனேர் என்ற உயர் பிரெஞ்சு விருது பெற்றவர்களுக்கு 'லெயோனோர்' என்று தனித் தளம். தேடும்போது பெயரைப் பிரெஞ்சுக் குமாஸ்தா எழுதியிருக்கக்கூடிய விதத்தில் எழுதுங்கள். முத்து என்றால் எம், ஓ, யு, இரண்டு டி, மறுபடி ஓ, யு. ஆறுமுகம் என்றால் 'று'வுக்கும் 'மு'வுக்கும் ஓவும் யுவும். ஒரு எழுத்து மாறினால் தாத்தா கிடைக்கமாட்டார். கிடைத்தால், அந்தச் சீட்டை அச்செடுத்து பிஸ்கட் டப்பாவுக்குள் சிலுவையோடு மடித்து வையுங்கள்.