பெட்டிக்குள்ளேயே பொடியாகும் காலணி

கூடைப்பந்து வீரர்களின் பழைய பாணிக் காலணிகளை ஆசையோடு வாங்கி, அழுக்குப் படாமல் பீரோவில் பூட்டி வைப்பவர்கள் உண்டு. சில ஆண்டுகள் கழித்து எடுத்து அணிந்தால், நாலடி நடப்பதற்குள் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடுவதும் உண்டு. உழைக்காத காலணி அழிவது எப்படி?

முதலில் மூத்த தலைமுறைக் காலணியைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1917-ல் வெளிவந்த கான்வர்ஸ் ஆல் ஸ்டார் காலணியின் மேற்பகுதி, கான்வாஸ் எனும் தடித்த பருத்தித் துணி. அடிப்பகுதி, கந்தகம் சேர்த்துச் சூடேற்றிய ரப்பர். 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்ட முறை இது. ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே கந்தகம் பாலம் போடுகிறது. எனவே ரப்பர் வெயிலில் இளகுவதில்லை. கான்வாஸ் வியர்வையை உறிஞ்சும், காற்றும் புகும். மதுரை வெயிலுக்கு ஏற்றதுதான். ஆனால் சிமென்ட் தரையில் குதித்து இறங்கும்போது அதிர்ச்சி முழங்கால்வரை ஏறும்.

இக்குறையைப் போக்க, பாதத்துக்கும் தரையில் படும் ரப்பருக்கும் இடையே நுரைமெத்தை வைத்தார்கள். 1988-ல் வந்த ஏர் ஜோர்டான் 3 காலணியில் உள்ளது பாலியூரித்தேன் நுரை. அதன் நுண்ணிய காற்றறைகள் அமுங்கி மீண்டு, அதிர்ச்சியைத் தாங்குகின்றன.

வினையும் அங்கேதான். இவ்வகை நுரைகள் பலவற்றில் எஸ்டர் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஈரம் அவற்றை மெல்ல அறுக்கிறது. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். அறுபடும்போது உண்டாகும் அமிலம், எஞ்சிய பிணைப்புகளையும் விரைவாக அறுக்கத் தூண்டுகிறது. வெப்பம் கூடினால் வேகமும் கூடும். மதுரைச் சமவெளியில் கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரம். பூட்டிய பீரோ இவ்விரண்டையும் தடுப்பதில்லை.

ஈ.வி.ஏ. எனும் மற்றொரு நுரை ஈரத்துக்கு எளிதில் மசியாது, எடையும் குறைவு. ஆனால் நாளடைவில் அமுங்கியது அமுங்கியபடியே நின்று, மென்மையை இழந்துவிடும்.

ஆகவே, மெத்தென்ற காலணியைச் சேமித்து வைக்காதீர்கள், அணிந்து பயன்படுத்துங்கள். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இடுங்கள். பழைய ஜோடியை வாங்குமுன் தயாரித்த ஆண்டைப் பாருங்கள். நுரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ, வெடித்தாலோ அதை அணிந்து ஆடாதீர்கள். ஓட்டத்தின் நடுவே அடிப்பாகம் பெயர்ந்தால் கணுக்கால் பிசகிவிடும்.